டிரைனேஜ் கேமரா, வேர் வெட்டு, லைனர்: 14 மாசம் கழிச்சு என் ரிவ்யூ

மார்க்கை முதல்லயே போட்டுடறேன். கேமராவுக்கு அஞ்சுக்கு அஞ்சு, வேர் வெட்டினதுக்கு மூணரை, பைப்புக்குள்ள ஒட்டற உறை, அதாவது லைனருக்கு நாலு, வேர் தடுப்பு ஷீட்டுக்கு ரெண்டரை, ஆபீஸ்ல இருந்து போன்ல பேசின ஆளுக்கு ஒண்ணு, அதுவும் போனை எடுத்த புண்ணியத்துக்கு. கம்பெனி பேரு போடல. வாசல்ல மரமும் மண்ணுக்கு அடியில பழைய பைப்பும் வெச்சிருக்கற எல்லாருக்கும் இந்த நாலுல எது எதுக்கு ஆகும் எது ஆகாதுன்னு தெரிஞ்சா போதும்.

நடந்தது என்னன்னா, ரெண்டு வருஷத்துல நாலு தடவை அடைப்பு. ஒவ்வொரு தடவையும் பிளம்பர் வருவாரு, சேம்பர் மூடியத் திறப்பாரு, ராடு விட்டு குத்துவாரு, ஈரத்தோட தலைமுடிக் கத்தை மாதிரி பழுப்பா ஒரு கொத்து வேர் வெளிய வரும், தண்ணி கொளகொளன்னு இறங்கும், அவரு காசு வாங்கிட்டுக் கிளம்பிடுவாரு, மறுபடி ஆறு மாசத்துல அதே நாத்தம் அதே போன் கால். வேர் செத்துடும்னு நடுவுல ஒருத்தர் சொன்னாருன்னு மயில்துத்தம், அதான் காப்பர் சல்பேட், கூட வாங்கி டாய்லெட்ல கொட்டினேன். பெரிய முட்டாள்தனம், ஏன்னா துத்தம் தண்ணியில கரைஞ்சு பைப்போட அடியில ஓடிப் போயிடும், வேர் தொங்கறது பைப்போட மேல் பக்கத்துல இருந்து, ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. அதுக்கு மேல அந்தத் தண்ணி எங்க போய் சேருதோ அங்க மீனுக்கு விஷம், செப்டிக் டேங்க் இருந்தா அதுல வேலை பாக்கற பாக்டீரியாவுக்கும் கெடுதல். சில இடங்கள்ல சாக்கடையில துத்தம் கொட்டவே தடை இருக்கு, அதெல்லாம் கொட்டினதுக்கு அப்புறம்தான் படிச்சேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேற தினமும் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்னு, "மரத்த வெட்டிப் போட்டுட்டு நிம்மதியா இரும்மா"ன்னு ஒரே பாட்டு. வாசல்ல நிக்கறது ஃபைகஸ், அதாவது ஆல் அரசு வகையறா, தண்டு விட்டம் 40 சென்டிமீட்டர், டிரைனேஜ் லைன்ல இருந்து நாலு மீட்டர் தள்ளி நிக்குது. ஃபைகஸ், வில்லோ, பாப்ளர் இதெல்லாம் பைப்புக்கு ஆகாத கூட்டம்னு பல ஊர் லிஸ்ட்ல இருக்கும், அதனால நானும் ஒரு கட்டத்துல மனசு மாறி மரம் வெட்டற ஆளோட நம்பர் கூட வாங்கி வெச்சுட்டேன். வெட்டறதுக்கு முன்னாடி உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பாத்துடுவோமேன்னுதான் கேமரா சர்வீஸைக் கூப்பிட்டது.

வர வேண்டிய நேரத்துக்கு மூணு மணி நேரம் லேட்டா வந்தாங்க. ஆனா வந்த தம்பி வேலை தெரிஞ்ச ஆளு. சுருள் சுருளா ஒரு தடிச்ச கேபிள், அதோட நுனியில எலுமிச்சம்பழத்த விடச் சின்ன கேமரா, சுத்தி எல்ஈடி லைட்டு, கையில ஒரு ஸ்கிரீன். எவ்ளோ தூரம் உள்ள போச்சுன்னு மீட்டர் ஓடிட்டே இருக்கும். நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து முழுசா பாத்தேன், ரெண்டு மணி நேரம், எந்த சீரியலும் இப்படி என்னைக் கட்டிப் போட்டதில்ல.

எங்க லைன் பழைய ஸ்டோன்வேர், அதாவது சுட்ட களிமண் பைப், ஆறு இன்ச், மொத்தம் 18 மீட்டர். ஒரு பைப் 60 சென்டிமீட்டர்தான் நீளம். கணக்கு போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 30 ஜாயிண்ட், எல்லாமே சிமெண்ட் பூசினது, மண்ணு கொஞ்சம் அசைஞ்சாலே விரிசல் விடற ஜாயிண்ட். முதல் நாலு மீட்டர் சுத்தம். அப்புறம் ஒரு ஜாயிண்ட்ல மேல இருந்து வெள்ளையா அஞ்சாறு நூல் தொங்குது. அடுத்ததுல ஒரு திரை மாதிரி. அதுக்கும் அடுத்து ஒரு இடம், கேமராவே கஷ்டப்பட்டுத்தான் போச்சு, டிஷ்யூ பேப்பரும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த வேர்ல மாட்டி ஒரு மொத்தையா நிக்குது.

"இது என்ன ஜாயிண்ட் தெரியுமா அக்கா?"ன்னு தம்பி கேட்டான். எப்பவோ எவரோ ஒரு மீட்டர் ஸ்டோன்வேர எடுத்துட்டு அந்த இடத்துல பிவிசி துண்டு வெச்சு, ரெண்டு முனையிலயும் சிமெண்ட அப்பி விட்டிருக்காங்க. சிமெண்டுக்கும் பிவிசிக்கும் ஒட்டு கிடையாது, வழவழன்னு இருக்கும், பிடிக்கவே பிடிக்காது. மொத்த லைன்லயும் தடிச்ச வேர் வந்தது அந்த ரெண்டு முனையிலதான். "மரத்தோட தப்பு இல்லக்கா, கதவத் திறந்து வெச்சது நாம"ன்னான். எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு.

இங்கதான் நான் இத்தனை நாள் நினைச்சதெல்லாம் தப்புன்னு புரிஞ்சுது. வேர் போய் நல்லா இருக்கற பைப்ப இடிச்சு உடைக்கறதில்ல. பைப்ல ஏற்கனவே எங்கயோ கசியும், உள்ள ஓடற வெதுவெதுப்பான தண்ணியோட ஆவி ஜாயிண்ட் வழியா வெளிய வந்து சுத்தி இருக்கற மண்ணை ஈரமாக்கும், அந்த ஈரத்துல நுனி வேர் வளரும், மயிர் கனத்துல இடுக்குக்குள்ள நுழையும், உள்ள போனா தண்ணி, சத்து, காத்து மூணும் கிடைக்குது, இதுக்கு மேல ஒரு மரத்துக்கு என்ன வேணும். நுழைஞ்ச அப்புறம்தான் அது பருக்கும், பருத்து ஜாயிண்ட இன்னும் அகலமாக்கும். இன்னொரு விஷயம், மரத்தோட வேர் பாதாளம் வரைக்கும் போகும்னு நாம நினைக்கறோம், நிஜத்துல பெரும்பாலான வேர் மேல் 60 சென்டிமீட்டர்லயே இருக்கும், ஆனா அகலத்துல கிளை விரிஞ்சதையும் தாண்டிப் போகும். பைப் போடறதுக்குத் தோண்டி மூடின மண்ணும் அடியில போட்ட மணலும் சுத்தி இருக்கற மண்ணை விட லூசா இருக்கும், காத்து நல்லா போகும், அதனால வேருக்கு அது நாமளே போட்டுக் கொடுத்த ரோடு. களிமண்ணா இருந்தா இன்னும் மோசம், கோடையில மரம் தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச மண்ணு சுருங்கும், பைப் இறங்கும், ஜாயிண்ட் வாய் பிளக்கும்.

சரி, அப்ப மரத்த வெட்டினா சரியாயிடுமான்னு கேட்டேன். ஆகாதாம். ஜாயிண்ட் அப்படியேதான் வாய் பிளந்து இருக்கும், உள்ள இருக்கற வேர் மட்கி ஓட்டை பெருசாகும், அது வழியா மண்ணு உள்ள விழும், இல்லன்னா பக்கத்துல இருக்கற வேற மரத்தோட வேர் வரும். பெரியவர் கிட்ட இத சொன்னேன், அவரு "ம்"னாரு, அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்னு அவர் வீட்டு ஆளுங்களுக்கே தெரியாது.

கேமரா வேலையில ஒரே ஒரு குறை. ரிப்போர்ட்ல மொத்தையான இடம் 7.4 மீட்டர்னு போட்டிருந்தாங்க. கேமரா தலையில ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் இருக்கும், 512 ஹெர்ட்ஸ் சிக்னல், இரும்பு பைப்பா இருந்தாக் கூட அதையும் தாண்டி வெளிய வரும், மேல தரையில ரிசீவர் வெச்சு நடந்தா கேமரா எந்த இடத்துக்கு நேர் அடியில நிக்குதுன்னு காட்டும். அந்தத் தம்பி அப்படிப் பிடிச்சு தரையில பெயிண்ட் அடிச்சது 6.5ல. நான் டேப் வெச்சு அளந்துட்டுக் கேட்டேன், அப்பதான் தெரிஞ்சுது, மீட்டரை பைப் வாய்ல ஜீரோ பண்ணாம சேம்பர் விளிம்புலயே ஜீரோ பண்ணிட்டாங்க, சேம்பர் ஆழம் 90 சென்டிமீட்டர், அதுதான் வித்தியாசம். தோண்டற வேலையா இருந்தா தப்பான இடத்துல குழி போட்டிருப்போம். நீங்க யாரைக் கூப்பிட்டாலும் தரையில மார்க் பண்ணச் சொல்லுங்க, நீங்களே டேப் பிடிச்சு அளங்க, வெக்கப்படாதீங்க.

ரிப்போர்ட்ல வேரை மூணு வகையா எழுதியிருந்தாங்க. பிரிட்டன்ல சாக்கடை சர்வேக்கு வெச்சிருக்கற குறியீட்டு முறையாம்: ஆர்எஃப்னா நூல் மாதிரி நுண்வேர், ஆர்டின்னா தடிச்ச ஒத்தை வேர், ஆர்எம்னா மொத்தையா அடைச்சு நிக்கறது. எங்களுக்கு ஏழு ஜாயிண்ட்ல வேர், அதுல அஞ்சு ஆர்எஃப், அந்த பிவிசி துண்டோட ரெண்டு முனையும் ஆர்எம்.

அடுத்து வேர் வெட்டு. இதுல ரெண்டு முறை. ஒண்ணு மோட்டார் கேபிள், நுனியில பிளேடு சுத்தும். இது பழைய சமாச்சாரம், அமெரிக்காவுல ஐயோவாவுல சாமுவேல் பிளாங்க்னு ஒருத்தர் தன் மகன் வீட்டு லைன்ல வேர் அடைச்சதுக்காக வாஷிங் மெஷின் மோட்டார், ஸ்கேட்டிங் வீல், இரும்பு கேபிள் எல்லாம் சேர்த்துக் கட்டி செஞ்ச மெஷின், 1930கள்ல ரோட்டோ ரூட்டர்னு அது பெரிய பிசினஸே ஆயிடுச்சு. பேர்லயே ரூட், அதாவது வேர் இருக்கு பாருங்க. வேர்த் தொல்லை இன்னைக்கு நேத்து வந்ததில்லன்னு மனசு ஆறுதலா இருந்துச்சு. ரெண்டாவது வாட்டர் ஜெட், எங்களுக்குப் பண்ணது அதுதான். நாசில்ல பின்பக்கம் அடிக்கற தண்ணி ஹோஸை முன்னாடி தள்ளும், முன்னாடி சுத்தற செயின் வேரை அறுக்கும். பழைய ஸ்டோன்வேர், விரிசல் வேற இருக்குன்னு பிரஷரைக் குறைச்சு ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி 150 பார் வரைக்கும் போனாங்க. அது எனக்குப் பிடிச்சுது, சில பேர் எடுத்த எடுப்புலயே ஃபுல் பிரஷர் வெச்சு இருக்கற பைப்பையும் நொறுக்கிடுவாங்க. குழிக்குள்ள ஆளை இறக்கவே இல்ல, எல்லாம் மேல நின்னே. அதுக்குத் தனியா ஒரு சபாஷ். சேம்பருக்குள்ள இருக்கற கேஸ் ஒரே மூச்சுல ஆளை சாய்க்கும், யாராவது "நான் இறங்கிப் பாக்கறேன்"னு கிளம்பினா உடனே நிறுத்துங்க.

வெளிய வந்த வேரைப் பாக்கணுமே. ஒன்றரை மீட்டர் நீளம், பின்னின சடை மாதிரி, என் கை தடிமன். இத்தனை வெட்டினா மரம் செத்துடுமோன்னு பயந்தேன், ஒண்ணும் ஆகல, மொத்த வேர்ல அது சின்னப் பங்குதான்.

அப்புறம் ஏன் மூணரை? ஏன்னா இது ஷேவிங் மாதிரி. வெட்டின இடத்துல செடியக் கவாத்து பண்ணினா என்ன ஆகும், நாலா தளிர்க்கும், வேரும் அப்படித்தான், திரும்ப இன்னும் அடர்த்தியா வரும். போன்ல பேசின ஆபீஸ் ஆளு "இனி லைஃப்லாங் பிரச்சனை வராது மேடம்"னாரு, அதே வாயால அடுத்த நிமிஷம் "மொத்த 18 மீட்டரும் தோண்டி புது பிவிசி போட்டுடலாம்"னாரு, லைஃப்லாங் வராதுன்னா அப்புறம் எதுக்கு தோண்டணும்னு கேட்டேன், லைன் கட் ஆயிடுச்சுன்னு சொல்லி வெச்சுட்டாரு. நுரை மருந்துன்னு ஒண்ணும் இருக்கு, களைக்கொல்லியை நுரையாக்கி பைப்பு முழுக்க நிரப்பறது, மேல் பக்கம் தொங்கற வேர் வரைக்கும் படும், மரம் சாகாது, தொட்ட வேர் மட்டும் கருகும். துத்தத்துக்கு அது எவ்வளவோ மேல், ஆனா அதுவும் திரும்பத் திரும்பப் போடணும், ஜாயிண்ட அடைக்கப் போறதில்ல, அதனால வேண்டாம்னுட்டேன்.

புது பிவிசி போட்டாலும் வேர் வராதுன்னு எழுதி வெச்சுக்காதீங்க. ரப்பர் ரிங் சரியா உக்காரலன்னா, பைப் கொஞ்சம் கோணிச்சுன்னா அங்கயும் நுழையும். ஜாயிண்ட் எண்ணிக்கை குறையும், அதான் லாபம்.

கடைசியில நான் எடுத்தது லைனர், மரத்துக்கு நேரா வர்ற ஒன்பது மீட்டருக்கு மட்டும், அந்த பிவிசி துண்டு உட்பட. இது 1971ல லண்டன்ல எரிக் வுட்னு ஒரு இன்ஜினியர் பழைய செங்கல் சாக்கடையில முதல்ல செஞ்சு பாத்த டெக்னிக். ரெசின்ல, அதாவது இறுகிப் போற பிசின்ல ஊறின துணிக்குழாய், காலுறைய உள்பக்கம் வெளியே திருப்பற மாதிரி அதைக் காத்து அழுத்தத்துல பைப்புக்குள்ள திருப்பி அனுப்பறாங்க, பைப் சுவரோட ஒட்டிக்கும், அப்புறம் நீராவி விட்டு இறுக வைக்கறாங்க. முடிஞ்சா பழைய பைப்புக்குள்ள ஜாயிண்டே இல்லாத புது பைப். ஒன்பது மீட்டர்னா பதினஞ்சு ஜாயிண்ட் ஒரே அடியில மறைஞ்சுது. தடிமன் நாலு மில்லிமீட்டர், விட்டம் கொஞ்சம் குறையுது, ஆனா உள்ள வழவழன்னு இருக்கறதால ஓட்டம் குறைஞ்ச மாதிரியே தெரியல.

ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னா நாத்தம். அந்த ரெசின்ல ஸ்டைரீன்னு ஒரு கெமிக்கல் இருக்கு, பெயிண்ட் கடைய கொளுத்தின மாதிரி வாடை, பாத்ரூம் தரை டிராப், அதான் நாத்தம் ஏறாம தண்ணி நிக்கற வளைவு, எல்லாத்துலயும் தண்ணி ஊத்தி வைக்கணும், இல்லன்னா வீட்டுக்குள்ள ஏறும். இத முன்னாடியே சொல்ல வேண்டியது அவங்க பொறுப்பு, யாரும் சொல்லல, யூஸ் பண்ணாத ஒரு பாத்ரூம்ல டிராப் காஞ்சு கிடந்துச்சு, வீடு ரெண்டு நாள் மூக்கைப் பிடிச்சுட்டு இருந்துச்சு. மத்தபடி வாசல் டைல்ஸ் ஒண்ணு கூட உடையல, மரம் பக்கம் மண்வெட்டியே போகல. வேலைக்கு முன்னாடி வேரை முழுசா வெட்டி கேமரா விட்டு காட்டச் சொல்லுங்க, குச்சி கிச்சி நீட்டிட்டு இருந்தா லைனர் அங்க சுருக்கம் விழும்.

இதோட நிறுத்தியிருக்கணும். எனக்குத்தான் ஆசை விடல, வேர் தடுப்பு ஷீட்டும் வாங்கினேன். கனமான எச்டிபிஇ பிளாஸ்டிக், ஒரு பக்கம் நெட்டுக்குத்தா வரி வரியா மேடு இருக்கும், வேர் வந்து முட்டி பக்கவாட்டுல சுத்தாம கீழ்ப்பக்கம் இறங்கறதுக்கு. மேல் விளிம்பு மண்ணுக்கு மேல கொஞ்சம் தெரியணும், இல்லன்னா வேர் ஏறிக் குதிச்சு வந்துடும். பொருள்ல குறையே இல்ல. வெச்ச நேரம்தான் தப்பு.

ஏன்னா வளர்ந்த மரத்துக்குப் பக்கத்துல இதைப் புதைக்கணும்னா தோண்டணும், தோண்டினா வேரை வெட்டணும். கட்டட வேலைக்கு பிரிட்டன்ல பிஎஸ் 5837னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, தண்டோட விட்டத்த 12ஆல பெருக்கி அந்த ஆரத்துக்குள்ள வேரைத் தொந்தரவு பண்ணாதேங்கறது அதுல. எங்க மரத்துக்கு 40 பெருக்கல் 12, அதாவது 4.8 மீட்டர். பைப் இருக்கறதே நாலு மீட்டர்ல! ஒரு பக்க வேரை மொத்தமா வெட்டிட்டா காத்தடிக்கும்போது மரம் சாயும், சாயறப்போ வேரோட பின்னிக் கிடக்கற தண்ணி பைப், கேஸ் லைன், கேபிள் எல்லாத்தையும் பிடுங்கிட்டு வரும். சாக்கடை அடைப்புக்கு பயந்து வீட்டு மேல மரத்தை சாய்ச்சுக்கற கதை.

அதனால மெஷின் வேண்டாம்னு ரெண்டு பேர் கையாலயே தோண்டினாங்க, மூணு மீட்டர் நீளத்துக்கு ஒன்றரை நாள். நல்லவேளை. அரை மீட்டர் ஆழத்துல ஒரு டெலிபோன் கேபிள் குழாய், எந்த வரைபடத்துலயும் இல்லாதது, அதை ஒரு வேர் பாம்பு மாதிரி சுத்திட்டு கிடக்கு, எது வேர் எது குழாய்னே மண்ணுல தெரியல, கடப்பாரை போட்டிருந்தா தெருவுக்கே போன் கட் ஆயிருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி நாலு சென்டிமீட்டர் தடிமன்ல ஒரு வேர். 25 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா மரம் தெரிஞ்ச ஆளைக் கேக்காம வெட்டக் கூடாதுன்னு அதே ஸ்டாண்டர்டுல இருக்கு, கேட்டேன், வந்து பாத்தவரு "இது மரத்தத் தாங்கற வேரும்மா, விட்டுடுங்க"ன்னாரு, அங்க ஷீட்ல இடைவெளி விட்டுதான் வைக்க முடிஞ்சுது. இடைவெளி விட்ட தடுப்புக்கு என்ன மார்க் போடறது, ரெண்டரையே ஜாஸ்தி. புதுசா மரம் நடறப்போவோ புது லைன் போடறப்போவோ வைங்க, அப்ப இதுக்கு நாலு நாலரை தாராளமா கொடுக்கலாம்.

அந்த மரம் தெரிஞ்சவரு போறப்போ சொன்ன ஒரு விஷயம் இன்னும் மனசுல நிக்குது. பைப்புக்கு மரம் எதிரின்னு சொல்றோம்ல, மரத்துக்கும் பைப் எதிரிதானாம், கேஸ் லைன் மண்ணுக்குள்ள கசிஞ்சா மண்ணுல இருக்கற ஆக்சிஜன் போயிடும், வேர் மூச்சு முட்டி நல்லா இருந்த மரம் காரணமே தெரியாம பட்டுப் போகும். பெரியவர் கிட்ட இதையும் சொன்னேன், இந்த தடவை "அப்படியா"ன்னாரு. முன்னேற்றம்.

போன வாரம் 14 மாசம் முடிஞ்சு மறுபடி கேமரா விட்டேன், அதே தம்பி, இந்த தடவை ஒரு மணி நேரம்தான் லேட்டு, மீட்டரையும் பைப் வாய்ல ஒழுங்கா ஜீரோ பண்ணான். லைனர் போட்ட ஒன்பது மீட்டர் பளிச்சுன்னு இருக்கு, ஒரு நூல் கூட இல்ல. லைனர் முடிஞ்சு அதுக்கு அப்புறம் 13.1 மீட்டர்ல கிச்சன் லைன் வந்து சேர்ற ஜாயிண்ட்ல மட்டும் நாலஞ்சு வெள்ளை நூல், போன தடவை அங்க ஒண்ணுமே இல்ல. பூட்டின கதவ விட்டுட்டு பக்கத்துக் கதவத் தட்டுது. "வெட்டிடவா அக்கா?"ன்னான். வேண்டாம், வெட்டினா அடர்த்தியாத்தான் வரும், இந்த ஒரு இடத்துக்கு மட்டும் சின்ன லைனர் துண்டு போட என்ன ஆகும்னு கேட்டு சொல்லுன்னு அனுப்பிட்டேன், இந்த தடவை ஆபீஸ் ஆளு கிட்ட இல்ல, அவன் கிட்டயே. 13.1னு சேம்பர் மூடிக்கு அடியில பெயிண்ட்ல எழுதி வெச்சிருக்கேன்.